பன்னெண்டாவது வண்டி

என்னண்ணே, அப்பயிருந்து என்னையவே பாக்குறீங்க? மே மாசத்து வெயில்ல, ஆஸ்பத்திரி டூவீலர் ஸ்டாண்டுல, ஜாக்கெட்டு, பூட்ஸு, முட்டிக்கவசம் எல்லாம் மாட்டிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கானே, இவன் நோயாளியா கிறுக்கனான்னுதான பாக்குறீங்க? கேளுங்க. கேட்டா நான் கோவிச்சுக்க மாட்டேன். கேக்காம ஓரக்கண்ணால பாத்துச் சிரிக்கிறாய்ங்க பாருங்க, அவய்ங்களைக் கண்டாத்தான் எனக்கு ஆகாது.

என் பேரு சோலைமலை. டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னாடி ஹெல்மெட்டு, ரைடிங் ஜாக்கெட்டு விக்கிற கடை வச்சிருக்கேன். 'எட்டுத்திக்கு ரைடர்ஸ்'னு ஒரு பைக் கிளப்பு. ஒம்பது வருசமா நாந்தான் தலைவர். இன்னைக்குத் தேதி வரைக்கும் நாந்தான். ஞாயித்துக்கிழமை தேர்தல் வச்சிருக்காய்ங்க, அதை அப்புறம் சொல்றேன்.

மணி என்ன, நாலா? அஞ்சு வரைக்கும் பாக்க விடுவாய்ங்க. நேரம் கெடக்கு. ரெண்டாவது மாடி ஐசியுவுல எங்க கிளப்பு ஆளு ஒருத்தர் படுத்திருக்காரு. ஞானசிகாமணின்னு பேரு, அறுபத்தொண்ணு வயசு. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா மனுசன் அடங்கிருவாரு, கட்டுலோட சேத்துக் கட்டி வச்சிருக்க கையை அவுத்து விட்ருவாய்ங்க. காலையில அவரு சம்சாரம் போன் போட்டு அழுவுது. சொல்லத்தான் போறேன். சொல்லாம எங்கிட்டுப் போகப் போறேன்?

நீங்க யாரைப் பாக்க வந்தீங்க? மச்சினிச்சிக்குப் பிரசவமா? நல்லது. பொம்பளப் புள்ளையா? ரொம்ப நல்லது. அந்த ஸ்கூட்டர் உங்களதா? ஹெல்மெட்டைக் குடுங்க பாப்போம். அடக் கொடுமையே! இதுக்குப் பேரு ஹெல்மெட்டாண்ணே? நாடாப் பூட்டு ஒடைஞ்சு தொங்குது. விழுந்தீங்கன்னா தலை ஒரு பக்கம் போகும், இது ஒரு பக்கம் போகும். போலீஸ்காரனுக்குப் பயந்து மாட்டுறீங்க, தார் ரோட்டுக்குப் பயப்பட மாட்டேங்குறீங்க. போலீஸ்காரன்கிட்டக் கெஞ்சலாம். ரோட்டுக்கிட்டக் கெஞ்ச முடியுமா?

கோவப்படுறேன்னு நெனைக்காதீங்க. கோவம்தான். எனக்கு எல்லார் மேலயும் கோவம். இப்ப வர்ற பயலுக இருக்காய்ங்களே, வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே கேமரா வாங்கிருறாய்ங்க. எங்க கிளப்புல ஒரு பல்லு டாக்டர் இருக்காரு, வெற்றிவேந்தன்னு. வெளிநாட்டு வண்டி வச்சிருக்காரு. எருமைக்கடா மாதிரி எடை. சீட்டுல உக்காந்தா காலு தரையில எட்டாது. சிக்னல்ல நின்னா ஒத்தைக் காலை ஊனிக்கிட்டு டான்ஸ் ஆடுவாரு. அதுல ரெண்டு பக்கம் இரும்புப் பெட்டி, மேல ஒரு பெட்டி, முன்னாடி நாலு லைட்டு. எதுக்கு? மதுரையில இருந்து அருப்புக்கோட்டைக்கு! அதுக்கு எதுக்குண்ணே இமயமலைக்குப் போற ஏற்பாடு? நான் வச்சிருக்கது முந்நூத்தம்பது சிசி. ஒத்தை சிலிண்டர். கோளாறு ஆனா கமுதியில இருக்க மெக்கானிக்கு ஸ்பேனரை எடுத்துப் பாத்துருவான். டாக்டர் வண்டி கோளாறு ஆனா கம்ப்யூட்டர்ல ஒயரைச் சொருகணும். நடுக்காட்டுல எங்க போயி ஒயரைச் சொருகுவ?

அந்த டாக்டரு சொல்றாரு, வார்த்தைக்கு வார்த்தை "சேஃப்டி, சேஃப்டி"ங்குறாரு. சேஃப்டியை இந்த ஊருக்குக் கொண்டு வந்தவனே நாந்தேன். நான் ஆரம்பிக்கும்போது லுங்கியைக் கட்டிக்கிட்டு ரைடுக்கு வந்தாய்ங்க. செருப்புப் போட்டவனை நான் வண்டியை எடுக்கவே விட மாட்டேன். கல்யாணமான ஆம்பளைய எல்லார் முன்னாடியும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிருக்கேன். "ஏன் தலைவரே இப்படி அசிங்கப்படுத்துறீங்க"ன்னு அழுதிருக்கான். அழட்டும். கால் போனா யாரு அழுவா?

ஞானசிகாமணி சார் அப்படி இல்ல. அவரு தங்கம். ரயில்வேயில கேட் கீப்பரா முப்பத்தாறு வருசம் இருந்தவரு. சிக்னல் விழாம கேட்டைத் தொறக்க மாட்டேன்னு எம்எல்ஏ காரையே நிப்பாட்டி வச்ச ஆளு. ரிட்டயர் ஆனதும் நேரா என் கடைக்கு வந்தாரு. சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்திருந்தாரு, லில்லி புஷ்பம்னு பேரு. "தலைவரே, முப்பத்தாறு வருசமா மத்தவுக போறதைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். இனிமே நான் போகணும்"னாரு. எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "தம்பி, உங்களை நம்பித்தான் விடுறேன்"னுச்சு.

அவருக்கு நாந்தேன் எல்லாம் பாத்துப் பாத்துக் குடுத்தேன். ஜாக்கெட்டுல சாம்பல் கலர்ல வலை மாதிரி இருக்குமே, காத்தோட்டமா, அதை எடுத்து, "இது லேசா இருக்கே, இதைப் போட்டுக்கவா"ன்னு கேட்டாரு. "சார், இது ஜாக்கெட்டு இல்ல, கொசுவலை. விழுந்தா தோலோட சேந்து கிழியும்"னேன். கருப்புல கெட்டித் துணி ஜாக்கெட்டு ஒண்ணு இருந்துச்சு. உள்ள ஒரு மழைத்துணி, அதுக்குள்ள ஒரு குளிர்த்துணி. ரெண்டு வருசமா கடையில தொங்குச்சு, ஆனா சரக்கு அசல் சரக்கு. அதை மாட்டிவிட்டேன். அந்தம்மா, "வெந்து போயிருவாரே தம்பி"ன்னுச்சு. "அம்மா, வேர்த்தா தொடைச்சுக்கலாம். ரத்தத்தைத் தொடைக்க முடியாது"ன்னேன். நல்லாத்தான சொன்னேன்? தப்பா சொன்னேனா?

என்னது? நான் போட்டிருக்கதா? ஆமா, இது வலைதான். எனக்கு வேர்வை ஆகாதுண்ணே. தோல் டாக்டரே சொல்லிருக்காரு. அதுவும் போக நான் இருபத்திரண்டு வருசமா ஓட்டுறவன். புது ஆளும் நானும் ஒண்ணா? நீங்க என்ன, அவய்ங்க கேக்குற மாதிரியே கேக்குறீங்க.

சரி, நடந்ததைச் சொல்றேன். கூட்டமா வண்டி ஓட்டுறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. முன்னாடி போற வண்டி தலைவண்டி. அது நானு. கடைசியில வர்றது வால்வண்டி. அது டாக்டரு, பஞ்சர் சாமான், மருந்துப் பெட்டி எல்லாம் அவர்கிட்ட. வழியில எங்கயாச்சும் திரும்பணும்னா, எனக்கு அடுத்து வர்ற ஆளைப் பாத்து நான் விரலைத் தரைக்கு நீட்டுவேன். நீட்டிட்டா அந்த ஆளு அந்த முக்குல வண்டியை நிப்பாட்டி எறங்கிரணும். அவருதான் கம்பம். பின்னாடி வர்ற எல்லாருக்கும் இப்படித் திரும்புன்னு கையக் காட்டணும். வால்வண்டி வந்து, அவரைப் பாத்துத் தலையை ஆட்டினாத்தான் கம்பம் கெளம்பலாம். அதுவரைக்கும் நகரக் கூடாது. செத்தாலும் நகரக் கூடாதுன்னு சொல்லுவேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுண்ணே. எல்லாரும் சொல்றதுதான.

ஏன் அப்படின்னு கேளுங்க. ஒருதடவை ஒருத்தன் கம்பமா நின்னவன் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு மரத்தடியில போயி உக்காந்து இளநி குடிச்சிருக்கான். பின்னாடி வந்தவய்ங்க அவனைக் கவனிக்காம நேராப் போயி நாப்பது கிலோமீட்டர் தள்ளி நின்னாய்ங்க. அதுக்கப்புறம்தான் சட்டம் போட்டேன். கம்பம்னா ரோட்டோரம் நிக்கணும். ஹெல்மெட்டு, ஜாக்கெட்டு கழட்டக் கூடாது, அதை வச்சுத்தான் நம்ம ஆளுன்னு தெரியும். நெழலுக்குப் போகக் கூடாது. போனை நோண்டக் கூடாது. சட்டம்னா சட்டம்தான?

போன ஞாயித்துக்கிழமை சாயல்குடி கடற்கரைக்கு ரைடு. பன்னெண்டு வண்டி. அருப்புக்கோட்டையில டிபன். கமுதி தாண்டி ஒரு முக்கு வரும். சுத்திலும் கருவேலங்காடுதான், வீடு வாசல் கெடையாது, போனுக்கு டவரும் கெடையாது. பத்தே காலுக்கு நான் திரும்புனேன். புது ஆளு எனக்கு அடுத்துத்தான் வரணுங்கிறது நம்ம வழக்கம், அதனால ஞானசிகாமணி சாருக்கு விரலைக் காட்டுனேன். அவரு வாழ்க்கையில மொத தடவை கம்பம். பெருமையா, அப்படியே விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சாரு. கண்ணாடியில பாத்தேன். இப்பவும் கண்ணை மூடினா அதுதான் வருது.

அவரைத் தாண்டி ஏழு வண்டி வந்துச்சு. அதுக்கப்புறம் வர வேண்டியது மூணு. அந்த மூணும் வரல. இருபது கிலோமீட்டர் போயி ஒரு ஊர்ல டீ குடிக்க நிக்கிறோம், டவர் கெடைச்சுருச்சு, டாக்டர் போன் அடிக்கிறாரு. ஒரு வண்டி பஞ்சராம். டியூப் டயரு, ஆணி ரெண்டு எடத்துல ஏறிருச்சாம். கமுதிக்கே தள்ளிட்டுப் போயிட்டாய்ங்களாம். ஒரு மணி நேரம் ஆகும்னாரு. நான் யோசிச்சேன். அந்தக் காட்டு வழி ரோடு குண்டும் குழியுமா இருக்கு, பஞ்சர் ஒட்டுன வண்டி தாங்காது. "முதுகுளத்தூர் சுத்தி வந்துருங்க டாக்டர், ரோடு நல்லாருக்கும், நேரா ஓட்டலுக்கு வந்துருங்க"ன்னு சொன்னேன். நல்ல முடிவுதான? ஒரு தலைவன் எடுக்க வேண்டிய முடிவுதான?

புரிஞ்சுருச்சா உங்களுக்கு? டக்குனு புரிஞ்சுருச்சு பாருங்க. ஸ்கூட்டர் ஓட்டுற உங்களுக்கே புரியுது. என் பின்னாடி நின்னு டீயை உறிஞ்சிக்கிட்டு இருந்தாய்ங்களே ஏழு பேரு, அவய்ங்களுக்குப் புரிஞ்சுச்சா? வால்வண்டி வேற வழியில வருதுன்னா அந்த முக்குல நிக்கிற மனுசனுக்கு யாரு வந்து தலையை ஆட்டுவா? ஏழு பேரும் அவரைத் தாண்டித்தான வந்தாய்ங்க? ஏழு பேருக்கும் அவரு கையைக் காட்டித்தான திருப்பி விட்டாரு? ஒருத்தனுக்காவது, "தலைவரே, சார் அங்க நிக்கிறாரே"ன்னு வாயில வந்துச்சா? கேட்டா இப்ப சொல்றாய்ங்க, "நீங்கதான தலைவரே சொல்லிருக்கீங்க, ஆளை எண்ணுறது தலைவண்டி வேலை, மத்தவன் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு." ஆமா, சொன்னேன். ஆளாளுக்கு எண்ணினா சந்தைக்கடை ஆயிரும்னு சொன்னேன். அதுக்காக மூளையைக் கழட்டி வீட்டுல வச்சுட்டா வரச் சொன்னேன்?

எனக்கு மறந்துபோச்சு. மனுசன்னா மறக்காதா? பன்னெண்டு பேரு, பஞ்சரு, ஓட்டலு, மீன் சாப்பாட்டுக்குச் சொல்லணும், எல்லாம் ஒத்தை மண்டையில. ஓட்டலுக்குப் போனோம். பன்னெண்டே முக்காலுக்கு டாக்டரு வந்தாரு. வந்ததும் வராததுமா, கிளவுசைக்கூடக் கழட்டல, "எல்லாரும் வந்தாச்சா தலைவரே?"ன்னாரு. எண்ணுனேன். பன்னெண்டுன்னு சொன்னேன். கை கழுவ ஒருத்தன் போறான், ஒருத்தன் வர்றான், எண்ணிக்கையில பிசகுறது சகஜம். இதைத்தான் கிளப்புலயும் சொன்னேன், போலீஸ்லயும் சொன்னேன்.

ஒரு மணிக்கு மேல போன் வந்துச்சு. நான் குடுக்குற ஹெல்மெட்டுல எல்லாம் பின்னாடி என் கடை நம்பர் ஒட்டிருக்கும். அதைப் பாத்து ஆடு மேய்க்கிற அம்மா ஒண்ணு, ரோட்டுல போற மினிவேன்காரனை நிப்பாட்டி, தானும் ஏறிக்கிட்டு டவர் கெடைக்கிற எடத்துக்குப் போயி போன் அடிக்கச் சொல்லிருக்கு. எடுத்ததும் அந்தம்மாவே வாங்கிப் பேசுச்சு. "ஏப்பா, உங்க ஆளு ஒருத்தரு விழுந்து கெடக்காருப்பா. காலையில இருந்து நிக்கிறாரு. நான் மூணு வாட்டி நெழலுக்கு வாங்கய்யான்னேன். அங்கிட்டு வந்தா வண்டிக்காரவுகளுக்கு என்னையத் தெரியாதும்மான்னாரு. தண்ணி குடுத்தேன், அந்தத் தொப்பியோடவே அண்ணாந்து குடிச்சாரு. அப்புறம் நின்ன வாக்குல சாஞ்சுட்டாரு. எதுக்குப்பா இவரை இங்கன நிப்பாட்டிட்டுப் போனீக?" அப்படிக் கேக்குது அந்தம்மா. ஆடு மேய்க்கிற அம்மா என்னைய நிக்க வச்சுக் கேக்குது.

நான் போறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துருச்சு. ஜிப்பை அவுக்குறாய்ங்க, சூடு ஆளை அடிக்குது. உள்ள மழைத்துணியும் இருக்கு, குளிர்த்துணியும் இருக்கு. வெயில் காலத்துல அதைக் கழட்டி வச்சுரலாம்னு நான் அவர்கிட்டச் சொன்னேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்ல. சொல்லிருப்பேன். எல்லாருக்கும் சொல்லுவேன். இவருக்கு மட்டும் சொல்லாம இருந்திருப்பேனா?

இப்ப நான் கேக்குறேன், ஒரு மனுசன் மூணு மணி நேரம் நிப்பானாண்ணே? ஒரு மணி நேரம் பாத்தோம், வண்டி வரல, சரி என்னமோ ஆகிப்போச்சுன்னு கெளம்பி வர வேண்டியதுதான? அறுபத்தொண்ணு வயசு ஆச்சு, ரெண்டு பேரன் பேத்தி எடுத்தாச்சு, கூறு வேணாமா? நகரக் கூடாதுன்னு சொன்னா அப்படியேவா நிக்கிறது? நான் சொன்ன எல்லாத்தையும் எவன் கேட்டான் இதுவரைக்கும்? ஒருத்தனும் முழுசாக் கேட்டதில்ல. பாதிதான் கேப்பாய்ங்க, பாதியை ஒதுக்கிருவாய்ங்க. அந்த ஏழு பேருல எவனை நிப்பாட்டிருந்தாலும் பதினஞ்சாவது நிமிசம் எனக்குப் பின்னாடி வந்து நின்னு, "போர் அடிச்சுச்சு தலைவரே"ன்னு இளிச்சிருப்பான். இந்த ஒரு மனுசன் கேட்டாரு. ஒரு எழுத்து விடாமக் கேட்டாரு. அவரு மேலதான் எனக்கு எல்லாரையும் விட அதிகமாக் கோவம்.

வெயில் தாக்குனதுல கிட்னி வேலை செய்யல, ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்ணிட்டாய்ங்க. நெனவு வருது, போகுது. மொத நாளு நல்லாப் பேசிருக்காரு. போலீஸ் வந்து கேட்டதுக்கு, "தலைவர் மேல தப்பு இல்லைங்க, சிக்னல் விழல, நான் எப்படி நகர்றது"ன்னு சொல்லிருக்காரு. யாரு கேட்டா அதை? என்னைய யாரு காப்பாத்தச் சொன்னா? நாலு வார்த்தை திட்டிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டிட்டு உள்ள போயிருப்பேன், ஒரு ஆப்பிளைக் குடுத்துட்டு வந்திருப்பேன்.

இப்ப ரெண்டு நாளா நெனவு தப்பிப் பேசுறாரு. எந்திரிச்சு நிக்கப் பாக்குறாராம். டியூபைப் புடுங்குறாராம். அதான் கையைக் கட்டி வச்சிருக்காய்ங்க. "வால்வண்டி வந்துருச்சா, வால்வண்டி வந்துருச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காராம். அந்தம்மாவுக்கு என்னன்னு தெரியல. காலையில போன் போட்டு, "தம்பி, யாரோ வரணும்ங்குறாரு தம்பி. வந்துட்டாகன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. உங்க ஆளுக யாராச்சும் வந்து சொன்னாக் கேப்பாரு. கை ரெண்டும் தடிச்சுப் போச்சு தம்பி. நாலு மணிக்கு வந்துருங்க, நான் வாசல்ல வந்து கூட்டிட்டுப் போறேன்"னுச்சு. வர்றேம்மான்னேன். வந்துட்டேன்ல? நேத்தும் வந்தேன். முந்தாநாளும் வந்தேன். இதே பெஞ்சுதான்.

டாக்டர் வெற்றிவேந்தனைக் கூப்புட்டேன். வெக்கத்தை விட்டுக் கூப்புட்டேண்ணே. "நீங்கதான் வால்வண்டி, ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க"ன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "வர்றேன் தலைவரே. ஆனா ஓட்டல்ல எத்தனை பேரு இருந்தோம்னு மொதல்ல நீங்க குரூப்புல போடுங்க. போட்ட நிமிசம் நான் அங்க இருப்பேன்"ங்குறாரு. பாத்தீங்களா புத்திய! ஒருத்தர் படுத்த படுக்கையாக் கெடக்காரு, இவரு அதுல தேர்தல் நடத்துறாரு. ஞாயித்துக்கிழமை தலைவர் தேர்தல்ல அவருதான் எனக்கு எதிரா நிக்கிறாரு. அதுக்குத்தான் இந்த நாடகம்.

என்னத்தைப் போடச் சொல்றாரு? பதினொண்ணுன்னா? ஆமா, பதினொண்ணுதான் இருந்துச்சு. எண்ணும்போதே தெரியும். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. நான் ஏற்கெனவே பன்னெண்டு சாப்பாடுன்னு சொல்லி வச்சிருந்தேன், ஓட்டல்காரன் பன்னெண்டு எலை போட்டுட்டான். எல்லாரும் உக்காந்தாச்சு, ஒரு எலை சும்மாக் கெடக்கு. அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. அந்தாளு, அந்தப் பல்லு டாக்டரு, எதுத்தாப்புல உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு. நான் என் ஹெல்மெட்டை எடுத்து அந்த நாற்காலியில வச்சேன். கிளவுசையும் வச்சேன். பன்னெண்டுன்னேன்.

அப்படிப் பாக்காதீங்கண்ணே. ஒம்பது வருசம் ஒரு ஆளைத் தொலைச்சதில்ல நானு. அந்தாளு முன்னாடி எந்திரிச்சு நின்னு, ஒருத்தரை மறந்துட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்? சாப்புட்டுட்டு, பெட்ரோல் போடுற மாதிரிப் பைய நழுவி, நானே போயிக் கூட்டிட்டு வந்துரலாம்னு நெனைச்சேன். அரை மணி நேரம். அவ்வளவுதான். ஐசியு டாக்டரு சொல்றாராம், அரை மணி நேரம் முன்னாடி பாத்திருந்தா கிட்னி தப்பிச்சிருக்கும்னு. டாக்டருங்க எதுக்கெடுத்தாலும் அரை மணி நேரம்னுதான் சொல்லுவாய்ங்க. அது அவுக வழக்கம்.

அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க அவ்வளவா உசரமில்ல, டாக்டர் வெற்றிவேந்தனும் உங்க உசரம்தான். இந்த ஜாக்கெட்டைக் கழட்டித் தர்றேன். என் ஹெல்மெட்டை மாட்டிக்கங்க, உங்களது ஆகாது. மூஞ்சி தெரியாம கண்ணாடியை மட்டும் எறக்கி விட்டுக்கங்க. உள்ள போயி அவரைப் பாத்துத் தலையை இப்படி ஒரு ஆட்டு ஆட்டுங்க. "வால்வண்டி வந்துருச்சு சார்"னு சொல்லுங்க. அவ்வளவுதான். ரெண்டு நிமிச வேலை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், புதுசாப் பொறந்த புள்ளைக்கு நல்லது. அந்தம்மாவுக்கு உங்களைத் தெரியாது, கிளப்பு ஆளுன்னு நெனைச்சுக்கும்.

நான் ஏன் போகக் கூடாதுன்னா? நான் தலைவண்டிண்ணே! தலைவண்டி போயி வால்வண்டி வந்துருச்சுன்னு சொன்னா நம்புவாரா? அது மட்டும் இல்ல. நான் போயி முன்னாடி நின்னா அவரு என்ன செய்வாரு தெரியுமா? கட்டிக்கெடக்குற கையோட எந்திரிக்கப் பாப்பாரு. "தலைவரே, நான் எடத்தை விட்டு நகரல"ம்பாரு. எனக்குத் தெரியும் அவரை. அதைத்தான் சொல்லுவாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்க சொல்லுங்க, என்ன சொல்றது? 'நல்லா நின்னீங்க சார்'னா? 'நீங்க நின்ன நேரத்துல நான் உங்க நாற்காலியில ஹெல்மெட்டை வச்சுட்டு மீன் சாப்பாடு சாப்புட்டேன் சார்'னா?

மாட்டீங்களா? சரி, விடுங்க. இந்தக் காலத்துல யாரு யாருக்கு உதவி செய்யிறாய்ங்க. மணி என்ன ஆச்சு? அஞ்சே காலா? அஞ்சே காலா! என்னண்ணே, பேச்சை வளத்து வளத்து நேரத்தை முடிச்சு விட்டுட்டீங்களே! செக்யூரிட்டி எல்லாரையும் வெளியில அனுப்புறான் பாருங்க. இனி நாளைக்குத்தான். நான் உள்ள போகணும்னுதான வந்தேன்? உக்கார வச்சுக் கதை கேட்டா மனுசன் எப்படிப் போவான்?

இருங்க, திரும்பாதீங்க. ஆஸ்பத்திரி கேட்டுப் பக்கத்துல நிக்குது பாருங்க, பச்சைச் சேலை, அதுதான் லில்லி அம்மா. இங்கிட்டுப் பாக்குது. இல்ல, ரோட்டைப் பாக்குது. நம்மளைத் தெரியாது, நடுவுல வண்டி நிக்குது. நாலு மணியில இருந்து வாசல்லயேவா நின்னுச்சு? மூஞ்சி எப்படிச் செவந்திருக்கு பாருங்க. பார்வை நேரந்தான் முடிஞ்சுபோச்சே, உள்ள போக வேண்டியதுதான? சரி, நிக்கிறதுதான் நிக்கிற, அங்க வேப்பமரம் இருக்கு, நெழல் இருக்கு, பத்தடி தள்ளி நிக்கக் கூடாதா? நட்ட நடு வெயில்ல, தலையில முந்தானைகூடப் போடாம, வர்ற பைக்கை எல்லாம் ஒண்ணொண்ணா எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு. என்ன குடும்பம்ணே இது! கூறு வேணாமா?

அண்ணே, நீங்க போயிச் சொல்லுங்கண்ணே. ஜாக்கெட்டு வேணாம், ஒண்ணும் வேணாம். சும்மா பக்கத்துல போயி, அந்தாளு வர மாட்டாரும்மா, நீங்க நிக்காதீங்க, உள்ள போங்கன்னு ஒரு வார்த்தை. எந்திரிங்கண்ணே. ஏன் என்னையவே பாக்குறீங்க? அது பாட்டுக்கு நிக்குதுண்ணே, வெயில்ல நிக்குது, யாராச்சும் ஒருத்தர் போயிச் சொல்லணும்ல?